கப்பலிலும் உண்டு பெரட்டு
(பயணிகள் பாதுகாப்புப் பயிற்சி வளர்ந்த வரலாறு)

முன்னுரை

"கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். எத்தகைய துன்பம் வந்தாலும் இடிந்துபோய் உட்காராதே என்பது அதன் பொருள். சரி, கன்னத்தில் வைக்காத கையை வேறு எங்கே வைப்பது? உண்மையாகவே கப்பல் கவிழும்போது கை என்ன செய்ய வேண்டும், கால் எங்கே போக வேண்டும்? இந்தக் கேள்விக்கு உலகம் விடை கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்த விடைக்குப் பல்லாயிரம் உயிர்கள் விலையாகப் போயின. அந்த வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் எழுத முயல்கிறேன்.

தோட்டப் பள்ளி ஆசிரியைக்குக் கப்பலைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாட்டி சொன்ன கதை

என் பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். 1960-களில் சிறுமியாக இருந்தபோது தம் தகப்பனாருடன் ஊருக்குப் போய்விட்டு 'ரஜுலா' கப்பலில் திரும்பி வந்தார். ரஜுலாவை அறியாத பழைய தோட்டத்துக் குடும்பம் இருக்க முடியாது. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (1972 முதல் போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. கட்டிய புதிதில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்ததாம். பாயும் தகரப் பெட்டியுமாக மேல்தளத்திலே படுத்து வந்தவர்கள் அவர்கள்.

பாட்டி சொல்லுவார்: "ஏறுன மறுநாளு திடீர்னு சங்கு ஊதுச்சு. விட்டு விட்டு ஊதுது. பொம்பளைங்க எல்லாம் பயந்து போயி அழுவுறாங்க. கப்பக்காரன் என்னமோ சொல்றான், ஒன்னும் புரியல. எங்கப்பா மட்டும் எழுந்து நின்னுட்டாரு. 'புள்ள எழுந்திரு, இது பெரட்டு. பேர் கூப்பிடுவான், போயி நிக்கணும்' அப்படின்னாரு. போயி நின்னோம். கழுத்துல தக்கை மாட்டி விட்டாங்க. அவ்வளவுதான்."

பெரட்டு என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். விடியுமுன் மணி அடித்ததும் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஓரிடத்தில் வந்து வரிசையாக நிற்பார்கள். கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். வந்தவர் யார், வராதவர் யார், யாருக்கு எந்த நிரை என்பது அங்கேதான் முடிவாகும். கப்பலில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'மஸ்டர்' என்ற ஒரே சொல்தான். எழுதப் படிக்கத் தெரியாத என் கொள்ளுத்தாத்தா அந்தச் சங்கொலியின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டார். தோட்டத்துப் பெரட்டில் நின்ற அனுபவம் அவருக்குக் கடலில் கை கொடுத்தது.

டைட்டானிக் தந்த அடி

கப்பல் பாதுகாப்பு என்று எடுத்தால் டைட்டானிக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1912 ஏப்ரல் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து அது தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு 11.40-க்குப் பனிமலையில் மோதியது. இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் மூழ்கிவிட்டது. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர். இறந்தவர்கள் சுமார் 1,500 பேர்.

கப்பலில் இருந்த உயிர்காப்புப் படகுகள் 20. அவற்றில் மொத்தம் 1,178 பேருக்குத்தான் இடம். இது சட்டத்தை மீறிய செயலா? இல்லை. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி 10,000 டன்னுக்கு மேற்பட்ட எந்தக் கப்பலுக்கும் 16 படகுகள் இருந்தால் போதும். டைட்டானிக்கோ 46,000 டன்னுக்கு மேல். கப்பல் வளர்ந்துவிட்டது, சட்டம் வளரவில்லை.

ஆனால் படகுக் குறைவு மட்டுமே காரணமன்று. இருந்த படகுகளும் நிரம்பவில்லை என்பதுதான் வேதனை. 65 பேர் ஏறக்கூடிய முதல் படகு 30-க்கும் குறைவானவர்களோடு இறங்கியது. 40 பேருக்கான இன்னொரு படகில் 12 பேர்தான் இருந்தார்கள். ஏன்? பயணிகளுக்கு ஆபத்து புரியவில்லை. வெளிச்சமும் வெதுவெதுப்புமான பெரிய கப்பலை விட்டுவிட்டு, இருட்டில் ஆடும் சின்னப் படகில் ஏற யாருக்கு மனம் வரும்? யார் எந்தப் படகுக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. பயணிகளைக் கூட்டி ஒரு பயிற்சிகூட நடக்கவில்லை. புறப்படுமுன் துறைமுகத்தில் அதிகாரி ஒருவர் பார்க்க, சில சிப்பந்திகள் இரண்டு படகுகளை இறக்கி ஏற்றிக் காட்டினார்கள். அதோடு சரி.

உலக நாடுகள் கூடின

இந்தப் பேரிழப்பு உலகத்தை உலுக்கியது. 1913 நவம்பரில் 13 நாடுகளின் பிரதிநிதிகள் லண்டனில் கூடினார்கள். 1914 ஜனவரி 20-ஆம் நாள் கடலில் உயிர்ப் பாதுகாப்பு பற்றிய முதல் அனைத்துலக ஒப்பந்தம் கையெழுத்தானது. இதைச் சுருக்கமாக 'சோலாஸ்' என்பார்கள். கப்பலில் உள்ள எல்லாருக்கும் படகில் இடம் வேண்டும், வானொலிக் கருவியை இரவும் பகலும் கவனிக்க ஆள் வேண்டும், சிப்பந்திகளுக்குப் படகுப் பயிற்சி வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதினார்கள். ஆனால் அதே ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. எழுதியது ஏட்டிலேயே நின்றுபோனது.

போர்க் காலத்தில், 1915 மே 7-ஆம் நாள், அயர்லாந்துக் கரைக்கு அருகே 'லூசிடானியா' என்ற பயணிகள் கப்பல் நீர்மூழ்கிக் கப்பலின் குண்டுக்கு இரையானது. பதினெட்டே நிமிடத்தில் மூழ்கியது. சுமார் 1,200 பேர் மாண்டனர். படகில் எல்லாருக்கும் இடம் இருந்தது. ஆனால் ஏற நேரம் இல்லை. பலர் மிதவைச் சட்டையை மாற்றியும் தலைகீழாகவும் அணிந்திருந்தார்கள் என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். சட்டை இருந்தும் போடத் தெரியவில்லை. பொருள் இருந்தால் போதாது, பழக்கமும் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதன் பிறகு 1929, 1948, 1960 ஆகிய ஆண்டுகளில் ஒப்பந்தம் திருத்தி எழுதப்பட்டது. 1960-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், நீண்ட அனைத்துலகப் பயணம் போகும் கப்பல்களில் துறைமுகத்தை விட்ட 24 மணி நேரத்துக்குள் பயணிகளைக் கூட்டிப் பெரட்டு நடத்த வேண்டும் என்ற விதி உண்டு. இப்போது நடைமுறையில் இருப்பது 1974-இல் ஏற்கப்பட்டு 1980 மே 25-இல் அமலுக்கு வந்த ஒப்பந்தம். அதையும் அவ்வப்போது திருத்தி வருகிறார்கள்.

தீயும் சாய்வும்

1934 செப்டம்பர் 8-ஆம் நாள், ஹவானாவிலிருந்து நியூயார்க் திரும்பிக்கொண்டிருந்த 'மோரோ காசில்' என்ற உல்லாசக் கப்பலில் தீப்பிடித்தது. கரை கண்ணுக்கு எட்டும் தூரம்தான். ஆனாலும் 137 பேர் இறந்தார்கள். இருந்த 12 படகுகளில் பாதிதான் இறக்கப்பட்டன. அவற்றில் ஏறியவர்கள் 85 பேர். அவர்களில் பெரும்பாலோர் சிப்பந்திகள்! பயணிகளில் பலர் தக்கைச் சட்டையோடு உயரத்திலிருந்து கடலில் குதித்தார்கள். தண்ணீரில் விழுந்த வேகத்தில் சட்டை மேலெழும்பித் தாடையில் மோதி, சிலர் நினைவிழந்தார்கள், சிலருக்குக் கழுத்தே முறிந்தது. குதிக்கும்போது சட்டையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று முன்னரே சொல்லிக் கொடுத்திருந்தால் இவர்களில் சிலராவது பிழைத்திருப்பார்கள்.

1956 ஜூலை 25-ஆம் நாள் இரவு, அமெரிக்கக் கரைக்கு அப்பால் மூடுபனியில் 'ஆண்ட்ரியா டோரியா'வும் 'ஸ்டாக்ஹோம்' கப்பலும் மோதிக்கொண்டன. ஆண்ட்ரியா டோரியா ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டதால் மறுபக்கத்துப் படகுகளை இறக்கவே முடியவில்லை. பாதிப் படகுகள் வீண். ஆனால் அந்தக் கப்பல் மூழ்கப் பதினொரு மணி நேரம் பிடித்தது. உதவிக்கு மற்றக் கப்பல்கள் ஓடி வந்தன. ஆகவே 1,660 பேர் காப்பாற்றப்பட்டார்கள். அந்தக் கப்பலில் இறந்த 46 பேரில் பெரும்பாலோர் மோதிய இடத்திலேயே மாண்டவர்கள்.

நம் கடலிலே நடந்தவை

இதெல்லாம் எங்கோ மேல்நாட்டில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். ரஜுலாவுக்குப் பின் நம்மவர்கள் போய்வந்த 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில், 1985 பிப்ரவரியில், சிங்கப்பூரிலிருந்து சென்னை செல்லும் வழியில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் மடிந்தார்கள். அத்துடன் அக்கப்பலின் பயணமும் முடிந்தது. ஊருக்குப் போனவர் திரும்பி வராத வீடுகளில் அந்தக் கதை இன்னும் ஆறாத புண்.

இன்னொன்று ஆறுதலான கதை. 1999 மே 20-ஆம் நாள், புக்கெட்டிலிருந்து சிங்கப்பூர் திரும்பிக்கொண்டிருந்த 'சன் விஸ்டா' என்ற உல்லாசக் கப்பலின் இயந்திர அறையில் பிற்பகலில் தீப்பிடித்தது. இடம் நம் மலாக்கா நீரிணை, பினாங்குக்குத் தெற்கே. மாலை மயங்கும் நேரத்தில் பயணிகள் மிதவைச் சட்டையோடு படகுகளில் இறங்கினார்கள். நள்ளிரவு கடந்து கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 1,100-க்கும் மேற்பட்டவர்களில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இருட்டில் படகில் இருந்தவர்கள் தைரியத்துக்காக டைட்டானிக் படப் பாட்டைப் பாடினார்களாம்! எப்படிப்பட்ட நெஞ்சழுத்தம் பாருங்கள்.

24 மணி நேரம் என்ற ஓட்டை

இந்தக் காலத்தில் இனி அப்படி நடக்காது என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் 2012 ஜனவரி 13 வந்தது. இத்தாலியில் சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து மாலையில் புறப்பட்ட 'கோஸ்டா கொன்கோர்டியா', இரவு 9.45 வாக்கில் ஜிலியோ தீவை ஒட்டிப் பாறையில் மோதியது. கப்பலில் 4,200-க்கும் மேற்பட்டோர். 32 பேர் உயிரிழந்தனர்.

அன்று மாலை அத்துறைமுகத்தில் புதிதாக ஏறிய 600-க்கும் மேற்பட்ட பயணிகளுக்குப் பயிற்சி நடக்கவில்லை. மறுநாள் நடத்துவதாக இருந்தார்கள். சட்டப்படி அது தவறில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் அல்லவா? ஆனால் பாறை 24 மணி நேரம் காத்திருக்கவில்லை. சில மணி நேரத்திலேயே வந்துவிட்டது. "ஒன்றுமில்லை, மின்சாரக் கோளாறுதான், அறைக்குப் போங்கள்" என்று பயணிகளிடம் சொல்லப்பட்டது. கப்பலைக் கைவிடும்படி உத்தரவு வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வீணாகப் போனது. அதற்குள் கப்பல் சாய்ந்துவிட்டது. எல்லாரும் வெளியேறி முடிவதற்குள் கப்பலை விட்டு வெளியேறிய கப்பல் தலைவருக்குப் பின்னர் 16 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

காணாமற்போன கடைசி மனிதரின் உடல் 2014-இல்தான் கிடைத்தது. அவர் இந்தியாவிலிருந்து பிழைக்க வந்து, அக்கப்பலில் உணவு பரிமாறும் வேலை பார்த்த ஒரு சிப்பந்தி. கடல் தாண்டிக் கூலிக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களான நமக்கு அந்தச் செய்தி நெஞ்சில் தைக்கிறது.

இதன் பிறகு ஒப்பந்தம் மீண்டும் திருத்தப்பட்டது. 2015 ஜனவரி 1 முதல், ஒரு நாளுக்கு மேல் தங்கிப் பயணம் செய்யும் புதுப் பயணிகளுக்குக் கப்பல் புறப்படும் முன்பே, அல்லது புறப்பட்ட உடனேயே, பயிற்சி நடத்த வேண்டும். "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

இன்று பயிற்சி எங்கே, எப்படி?

பிள்ளைகள் படித்து நல்ல வேலைக்குப் போய், பெற்றோரை உல்லாசக் கப்பலில் அனுப்பி மகிழும் காலம் இது. போர்ட் கிள்ளானிலிருந்தும் பினாங்கிலிருந்தும் நம் மக்கள் போய் வருகிறார்கள். ஆகவே இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

1. ஒவ்வொரு பயணிக்கும் கூடுமிடம் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அதன் எண் அல்லது எழுத்து நமக்குத் தரும் அட்டையிலும், அறைக் கதவின் உட்புறத்திலும் இருக்கும். பழைய கப்பல்களில் படகுகளுக்குக் கீழே திறந்த தளத்தில் நிற்க வைப்பார்கள். இப்போது பல கப்பல்களில் சாப்பாட்டுக் கூடம், நாடக அரங்கம் போன்ற பெரிய இடங்களே கூடுமிடங்கள்.

2. அபாய ஒலி: ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஊதல், அதன் பின் ஒரு நீண்ட ஊதல். இது எந்த நாட்டுக் கப்பலிலும் ஒன்றுதான். மொழி தெரியாவிட்டாலும் காது தெரிந்தால் போதும். மாணவர்களே, இதை மனப்பாடம் செய்யுங்கள்!

3. ஒலி கேட்டதும் லிஃப்டில் ஏறக்கூடாது. படிக்கட்டு வழியாகக் கூடுமிடம் போக வேண்டும். அங்கே சிப்பந்திகள் நம் அட்டையைப் பதிவு செய்து யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கெடுப்பார்கள்.

4. மிதவைச் சட்டையை எப்படி அணிவது, எந்த வாரை எங்கே இறுக்குவது என்று காட்டுவார்கள். அதில் ஊதலும் சிறு விளக்கும் இருக்கும். குழந்தைகளுக்குத் தனி அளவு உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

5. 2020-க்குப் பிறகு பல கப்பல்களில் எல்லாரையும் ஒரே நேரத்தில் கூட்டாமல், கைத்தொலைபேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பாடத்தைப் பார்க்கச் சொல்லி, பிறகு அவரவர் கூடுமிடத்துக்கு நேரில் போய்ப் பதிந்து வரச் செய்கிறார்கள்.

சிப்பந்திகளுக்கோ பயணிகள் கப்பலில் வாரந்தோறும் பயிற்சி உண்டு. கைவிடும் உத்தரவு வந்தால், மக்கள் மிதவைச் சட்டையோடு கூடி நிற்கும் நிலையில், எல்லாப் படகுகளையும் முழு ஆளோடு 30 நிமிடத்துக்குள் இறக்கிவிட முடிய வேண்டும் என்பது விதி. இந்த விதியைக் கவனித்துப் பாருங்கள். மக்கள் கூடி நின்றால்தான் அந்த 30 நிமிடக் கணக்கே தொடங்குகிறது. கூடாவிட்டால் எத்தனை படகு இருந்தும் பயனில்லை.

நான் கற்ற பாடம்

இப்போது, நான் ஏன் இதை எழுத வந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு பள்ளியில் தீப் பயிற்சி நடந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டும் திடலுக்கு வந்தார்கள். பச்சைப் பலகையில் 'தெம்பாட் பெர்கும்புல்' என்று எழுதியிருக்கும் இடத்தில் என் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை நிறுத்தினேன். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டேன். "வந்தாச்சு டீச்சர்!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். நானும் பெயர் கூப்பிடவில்லை. பயிற்சிதானே, வெயில் வேறு கொளுத்துகிறதே என்று விட்டுவிட்டேன். பெயர்ப் பதிவேடு வகுப்பில் என் மேசை மேலேயே கிடந்தது.

வகுப்புக்குத் திரும்பியபோது ஒரு சிறுமி தனியாக உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தபோது அவள் கழிவறையில் இருந்திருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் வகுப்பில் யாருமில்லை. "எல்லாரும் போயிட்டாங்க டீச்சர். நான் என்ன செய்யணும்னு தெரியல. அதான் என் இடத்துல உக்காந்துட்டேன்" என்றாள். கன்னத்தில் கை வைத்தபடிதான் உட்கார்ந்திருந்தாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மைத் தீயாக இருந்திருந்தால்? அந்தப் பிள்ளையின் தாய்க்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? மறுநாளே அந்தத் தாயிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பெரட்டுல எங்க மாமனாரு இல்லேன்னா கிராணி ஆளவுட்டுத் தேடுவாராம் டீச்சர்" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமான பாடமாயிற்று.

அதன் பிறகு நான் பயிற்சிக்குப் போகும்போது பதிவேடு என் கையில் இருக்கும். பெயர் பெயராகக் கூப்பிடுவேன். கழிவறையையும் நூல்நிலையத்தையும் பார்த்துவர ஆளை நிறுத்துகிறேன். தனியாக மாட்டிக்கொண்டால் வகுப்பில் உட்காராமல் நேரே திடலுக்கு ஓடி வர வேண்டும் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சிறுமி இப்போது எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்கிறாள்.

முடிவுரை

டைட்டானிக்கிலிருந்து கொன்கோர்டியா வரை நூறு ஆண்டுகள். இரும்பு மாறியது, இயந்திரம் மாறியது, படகு மாறியது. ஆனால் ஆபத்தில் உயிரைக் காப்பது இன்றும் அந்தப் பழைய பெரட்டுதான். சங்கு ஊதினால் எழுந்து நிற்பது, தன் இடத்துக்குப் போவது, தன் பெயருக்குக் குரல் கொடுப்பது, பக்கத்தில் இருக்க வேண்டியவர் இல்லையென்றால் உடனே சொல்வது. இவ்வளவுதான். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, பழக்கம் வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து "இன்னிக்குப் பள்ளியில தீப் பயிற்சி நடந்திச்சு" என்று சொன்னால், "அதுல என்ன இருக்கு" என்று தள்ளிவிடாதீர்கள். "எங்கே நின்னே? டீச்சர் உன் பேரைக் கூப்பிட்டாங்களா?" என்று கேளுங்கள். மாணவர்களே! பயிற்சி மணி விளையாட்டு மணி அன்று. அந்தச் சில நிமிடம் வெயிலில் நிற்பதற்குச் சலித்துக்கொள்ளாதீர்கள்.

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்றார்கள் பெரியோர். கை வைக்க நேரமில்லாதபடி முன்னரே பழகிக்கொள்வோம்.